சார்ஜ்: ரோட்டுக்கு அடியிலா, ரோட்டோரத்திலா?

இலங்கை மலையகத்தின் கொட்டகலையில் ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் போன மாதம் என்னைப் பிடித்துக் கேட்டார்: "தம்பி, ஓடும்போதே ரோட்டுல இருந்து சார்ஜ் ஏறுதாமே. அது நம்ம பக்கம் வரும்னா கொஞ்ச நாள் பொறுக்கலாமா? இல்ல இப்பவே பிளக்ல போடுற வேன வாங்கிடவா?" போனில் ஒரு வீடியோவும் காட்டினார். நேரான ரோடு, காய்ந்த ரோடு, ஓரத்தில் ஒரு புல்லுகூட முளைக்காத ரோடு. அதன் மேல் ஒரு கார் சத்தமில்லாமல் போகிறது, மூலையில் பேட்டரி சதவீதம் ஏறுகிறது. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

நான் வயரிங் வேலை செய்கிறவன். இப்போது கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் சில வீடுகளுக்கும் கார் சார்ஜர் மாட்டிக் கொடுக்கிறேன். அதனால் பிளக் பக்கம் எனக்குக் கொஞ்சம் சாய்வு இருக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அண்ணனுக்கு இது ஐந்து வருட லீசிங் விஷயம். நாட்டுக்கு இது எந்த இடத்தில் காசைக் கொட்டுவது என்ற விஷயம். அதனால் என் தொழிலை ஒருபக்கம் வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

ரோட்டில் சார்ஜ் ஏறும் சங்கதி மாயமந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கம்பிச்சுருளில் மாறிமாறி கரண்ட் ஓடினால் பக்கத்தில் இருக்கும் சுருளிலும் கரண்ட் பிறக்கும் என்று ஃபரடே 1831-லேயே காட்டிவிட்டார். நம் ஊர்க் கம்பத்தில் தொங்கும் ட்ரான்ஸ்போமர் செய்வதும் அதைத்தான். போனைத் தட்டில் வைத்தால் சார்ஜ் ஏறுவதும் அதுதான். இங்கே ஒரு சுருள் தாருக்குக் கீழே இருக்கிறது, இன்னொன்று வண்டியின் வயிற்றில் இருக்கிறது, நடுவில் ஒரு சாணுக்குக் குறைந்த இடைவெளி. வண்டி மேலே வரும்போது மட்டும் அந்தத் துண்டுக்குக் கரண்ட் போகும்படி செய்திருப்பதால் நடந்து போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. மழைத் தண்ணீர் காந்தப் புலத்தை மறிக்காது. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டும் வட்டவளையில்கூட, தத்துவப்படி, அது வேலை செய்யும்.

செய்தும் காட்டியிருக்கிறார்கள். தென் கொரியாவின் குமி நகரத்தில் 2013-ல் 24 கிலோமீற்றர் பஸ் பாதையில் இரண்டு பஸ்களை இப்படி ஓட விட்டார்கள். 17 சென்டிமீற்றர் இடைவெளியில் 100 கிலோவாட் ஏறியது, வினைத்திறன் 85 சதவீதம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், முழு ரோட்டையும் தோண்டவில்லை என்பதுதான். பாதையில் 5 முதல் 15 சதவீதம் வரைதான் சுருள். அப்புறம் சுவீடனின் கோட்லாந்து தீவில் 1.6 கிலோமீற்றர் போட்டார்கள். இத்தாலியில் பிரெஷியா நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிலோமீற்றர் வட்டப்பாதை வந்தது. அமெரிக்காவின் டெட்ராய்டில் 2023 நவம்பரில் 14-ஆம் தெருவில் 400 மீற்றர் திறந்தார்கள். பிரான்சில் பரிசுக்குத் தென்மேற்கே ஏ10 அதிவேகப் பாதையில் 2025-ல் 1.5 கிலோமீற்றரில் லொறி, பஸ், வேன், கார் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தார்கள். உச்சத்தில் 300 கிலோவாட்டுக்கு மேல் ஏறியது.

இந்த நீளங்களைக் கவனியுங்கள். நாடுகள் பணக்கார நாடுகள், ரோடுகளோ ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் இடையில் இருக்கும் தூரம்தான். சுவீடன் மட்டும் ஹால்ஸ்பெரி – ஓரெப்ரோ இடையே 21 கிலோமீற்றருக்கு நிரந்தர மின்வீதி போடப் பெரிய திட்டம் வைத்திருந்தது. டெண்டரில் வந்த விலையைப் பார்த்துவிட்டு 2023-ல் அந்தக் கொள்முதலை நிறுத்திவிட்டார்கள். சுவீடனுக்கே விலை கட்டவில்லை என்றால் மீதியை நாம் யோசித்துக்கொள்ளலாம்.

ஆனால் விலையைச் சொல்லியே கதையை முடித்துவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இந்தத் தொழில்நுட்பம் அதிவேகப் பாதையைவிட மலைப்பாதைக்குத்தான் பொருத்தம் போலத் தெரிகிறது.

ஒரு காருக்கு ரோட்டிலிருந்து 20 கிலோவாட் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 80 கிலோமீற்றரில் போகும் கார் ஒரு கிலோமீற்றரை 45 வினாடியில் தாண்டிவிடும். அந்த நேரத்தில் கால் யூனிட்தான் ஏறும் (ஒரு கிலோவாட் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட்). நாம் கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு லேலண்ட் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மணிக்கு 20 கிலோமீற்றரில் ஊர்ந்தால், அதே கிலோமீற்றருக்கு மூன்று நிமிடம். ஒரு முழு யூனிட் ஏறும். ஆட்களோடு 1,900 கிலோ வரும் கார் 6 சதவீதச் சரிவில் அந்த வேகத்தில் ஏற ஆறேழு கிலோவாட் போதும். அதாவது மலையேற ஏற பேட்டரி குறையாமல் கூடும். பஸ்ஸுக்கும் இதே கதைதான். ஆட்களோடு 13 டன் என்று வைத்தால் ஏற 40 கிலோவாட் சுமார், குமியில் ஏறியதோ 100. நாம் எந்த மந்தமான ரோட்டைத் திட்டுகிறோமோ, அந்த மந்தமே இங்கே லாபம்.

இந்தக் கணக்கை அண்ணனிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த பகுதியைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

ரோடு என்று நாம் சொல்வது எதை? ஹட்டனிலிருந்து கீழே போகும்போது ஒரு பக்கம் மண் மதில், மறுபக்கம் பள்ளம். நடுவில் இரண்டு பஸ் கண்ணாடியை மடித்துக்கொண்டு விலகும் அகலம். கானுக்கும் தாருக்கும் இடையில் ஓரமே இல்லாத இடங்கள் எத்தனை. சுருள் பதித்த ரோட்டுக்கு, தாருக்குள் இருப்பது பாதிதான். மறுபாதி ரோட்டோரத்தில் இருக்க வேண்டும்: லைன் கரண்டை உயர் அதிர்வெண்ணுக்கு மாற்றும் பெட்டிகள், அவற்றுக்கு வரும் கேபிள்கள், ட்ரான்ஸ்போமர். இந்தப் பெட்டியை நம் ரோட்டில் எங்கே வைப்பது? மதிலைக் குடைந்தா, பள்ளத்தில் கால் நட்டா?

மதிலைக் குடைவது என்றால் என்ன என்று 2025 நவம்பருக்குப் பிறகு மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டித்வா புயலோடு வந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் வழுக்கி இறங்கின. வீதிகள் அறுந்தன, ரயில் பாதை அந்தரத்தில் தொங்கியது. அவ்வளவு பெரிய அழிவு ஒருமுறைதான் வரும் என்று வைத்தாலும், ஆண்டுதோறும் ஒக்டோபர், நவம்பரில் எங்காவது ஒரு மதில் விழத்தான் செய்கிறது. பெக்கோ வந்து மண்ணை அள்ளி ஒரு பக்கமாகப் பாதையைத் திறந்துவிடுகிறது. பெக்கோவின் பல் தாரைச் சுரண்டும் அந்தச் சத்தத்தை நினைத்துக்கொண்டு, அதே தாருக்குள் சில சென்டிமீற்றர் ஆழத்தில் செம்புச் சுருள் வரிசையாகக் கிடப்பதையும் நினைத்துப் பாருங்கள்.

மண்சரிவை விட்டாலும், நாமே வெட்டுகிறோமே. எங்கள் வீட்டுக்குப் போகும் ரோட்டுக்குப் பல வருடம் கழித்து காபட் போட்டார்கள். குழந்தைகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிப் பார்த்தார்கள், அவ்வளவு வழுவழுப்பு. மூன்று மாதம் ஆகவில்லை, குழாய் போடுவதற்குக் குறுக்கே வெட்டினார்கள். மூடிய இடம் முதலில் மேடாக இருந்தது, பிறகு பள்ளமானது, இப்போது ஓட்டோக்காரர்களுக்கு அது ஓர் அடையாளம்: "அந்தக் குழாய் வெட்டு கிட்ட இறக்கி விடுங்க." யார் வெட்டினார்கள் என்பது முக்கியமில்லை. ரோட்டுக்கு மேலே ஒரு துறை, கீழே ஒரு துறை, ஓரத்தில் ஒரு துறை என்று இருக்கும் ஊரில் ரோட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத விலை உயர்ந்த பொருளைப் புதைத்தால் நடப்பது இதுதான்.

வளைவு வேறு இருக்கிறது. வண்டியின் சுருள் ரோட்டுச் சுருளுக்கு நேர் மேலே வந்தால்தான் சொன்ன அளவு கரண்ட் ஏறும். ஓர் அடி விலகினாலே வெகுவாகக் குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவில் பஸ்காரர் முழு ரோட்டையும் எடுத்துத்தான் திருப்புவார், அவருக்கு வேறு வழியில்லை. எதிரே லொறி வந்தால் ஓரம், பள்ளம் வந்தால் நடு, மாடு நின்றால் மறுபக்கம். நம் டிரைவர்மார் கோடு பிடித்து ஓட்டுகிறவர்கள் அல்ல, குழி பார்த்து ஓட்டுகிறவர்கள்.

இதை எல்லாம் தாண்டினாலும் வண்டியில் கரண்டை வாங்கும் அந்தச் சுருள் தட்டு வேண்டும். இப்போது கொழும்பு ஷோரூம்களில் நிற்கும் மின்கார்களில் அது இல்லை. நின்ற இடத்தில் கம்பியில்லாமல் சார்ஜ் ஏற்ற ஒரு தட்டை போர்ஷே நிறுவனம் தன் கயென் மின்காருக்கு 2025-ல் அறிவித்தது, 11 கிலோவாட். அது ஓடும்போது ஏற்றுவதும் இல்லை, கொட்டகலை ஸ்கூல் வேன் ரகமும் இல்லை. ரோடு போட்டால்தான் வண்டி வரும், வண்டி வந்தால்தான் ரோடு போடுவார்கள். அமெரிக்காவில் இந்த முடிச்சை அவிழ்க்க அரசு காசு கொடுக்கிறது. டெட்ராய்ட் வேலைக்கு மிச்சிகன் மாநிலம் கொடுத்த ஒப்பந்தம் மட்டும் 19 இலட்சம் டொலர்.

அப்படியானால் கம்பியை மேலே தூக்கிக் கட்டினால் என்ன? இது பழைய வழி, நான் நினைத்ததைவிட நல்ல வழி. கொழும்பிலேயே 1953 முதல் 1964 வரை, மேலே கட்டிய கம்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் ட்ரொலி பஸ் ஓடியது, தாத்தாமார் ஏறியிருப்பார்கள். சான் பிரான்சிஸ்கோவில் செங்குத்தான தெருக்களுக்கு இன்றும் ட்ரொலி பஸ்தான், ஏற்றத்தில் மின்மோட்டார் மூச்சு வாங்காது என்பதால். கிரிமியாவில் சிம்ஃபெரோபோலிலிருந்து மலைக் கணவாயைத் தாண்டி யால்டா வரை 86 கிலோமீற்றருக்கு ஒரு ட்ரொலி பஸ் பாதை இருக்கிறது. 1959-ல் தொடங்கி 1961-ல் யால்டாவைத் தொட்டது. கிட்டத்தட்ட ஹட்டனிலிருந்து நுவரெலியா போய்த் திரும்பி வரும் தூரம். ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பக்கத்தில் ஏ5 பாதையில் 2019-லிருந்து லொறிகளுக்கும் இப்படிக் கம்பி கட்டிச் சோதித்தார்கள்.

மேலே கட்டிய கம்பிக்கு ஒரு பெரிய குணம் உண்டு: அறுந்தால் தெரியும். கம்பம் சாய்ந்தால் ஆட்கள் வந்து நிமிர்த்திவிடுவார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள், அதில் நானும் ஒருவன். தாருக்குள் புதைந்த சுருளில் கோளாறு என்றால் ரோட்டை மூடித் தோண்டவேண்டும்.

ஆனால் கார், வேன், ஓட்டோவுக்கு இந்தக் கம்பி எட்டாது. பஸ்ஸுக்கும் லொறிக்கும் மட்டும்தான். மரக்கொப்பு இன்னொரு தொல்லை. நம் பக்கம் காற்றடித்தால் சவுக்கும் யூகலிப்டஸும் முதலில் விழுவது கம்பியின் மேல்தான். அப்புறம் தேர். மாசி, பங்குனியில் தேர் இழுக்கும்போது குறுக்கே போகும் ஒற்றைக் கம்பியைத் தூக்கிவிடவே கவைக்கம்போடு ஓர் இளைஞர் தேருக்கு மேல் உட்கார்ந்து வருவார். முன்கூட்டியே சொல்லி லைனை ஓஃப் செய்தும் வைக்கவேண்டும். பஸ் ஓடும் கம்பி ஊரின் நடுவே போனால் தேர்ப் பாதையையே மாற்றவேண்டும். அதைத் தலைவர்மாரிடம் சொல்லப் போவது யார்?

ரோடு முழுவதும் வேண்டாம், வண்டி நிற்கும் இடத்தில் மட்டும் சுருளைப் பதிப்போம் என்பது மூன்றாவது வழி. இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் 2014-ல் ஒரு பஸ் பாதையின் இரு முனையிலும் இப்படிப் பதித்தார்கள். அமெரிக்காவின் வெனாட்சியில் 2018-ல் 200 கிலோவாட் தட்டு வந்தது. கணக்கு நமக்கும் சரியாகவே வருகிறது. அவிசாவளைப் பக்கத்திலிருந்து ஹட்டன் வரை 1,200 மீற்றருக்கு மேல் ஏறும் பஸ், அந்த உயரத்துக்கு மட்டும் 44 யூனிட் அளவு செலவழிக்கும். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் டிரைவர் தேத்தண்ணி குடிக்கும் 15 நிமிடத்தில் 200 கிலோவாட் கொடுத்தால் 50 யூனிட். ஏறிய செலவு அங்கேயே தீர்ந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பெரும்பாலும் சமதளம், கொங்கிரீட் தரை, மண்சரிவு வந்து மூடும் இடம் இல்லை. டிரைவரும் ரோட்டில் கோடு பிடிக்கவேண்டியதில்லை, நிறுத்தும்போது மட்டும் பிடித்தால் போதும்.

ஆனால் கம்பத்தில் நாம் பார்க்கும் 160 கேவிஏ ட்ரான்ஸ்போமர், அதாவது மிஞ்சிப்போனால் 160 கிலோவாட் கொடுப்பது, ஒரு பஸ்ஸைக்கூடத் தாங்காது. தனி ட்ரான்ஸ்போமர் வேண்டும். அந்தச் செலவு கம்பி உள்ள சார்ஜருக்கும் உண்டு என்பதால் அது போகட்டும். மிச்சம் இருக்கும் கேள்வி, கேபிளைக் கையால் மாட்டாமல் இருப்பதற்காக எவ்வளவு கூடக் கொடுக்கலாம் என்பதுதான். மழையில், கை விறைக்கும் குளிரில், கைப்பருமன் கேபிளை இழுத்து மாட்டுவது கொண்டக்டருக்குச் சுகமான வேலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு கூரை போட்டால் போதும் என்பது என் அபிப்பிராயம்.

பேட்டரியையே கழற்றி மாற்றும் வழி ஓட்டோவுக்குப் பொருந்தும், வேனுக்குப் பொருந்தாது. தாய்வானில் கொகோரோ 2015-லிருந்து ஸ்கூட்டருக்கு இதை ஓட்டிக் காட்டுகிறது. காருக்குச் செய்யப்போன இஸ்ரேலின் பெட்டர் பிளேஸ் 2013-ல் நொடித்துப்போனது. கையால் தூக்கும் எடையில் பேட்டரி இருந்தால், ஓட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் ஓர் அலுமாரி வைத்தால், நடக்கும். எல்லா ஓட்டோவும் ஒரே அளவுப் பேட்டரி போடவேண்டும் என்பதுதான் சிக்கல். கேஸ் சிலிண்டரிலேயே மஞ்சள் கம்பனியும் நீலக் கம்பனியும் ஒன்றுக்கொன்று மாறாத நாடு இது.

பிளக்கைப் பற்றிப் பேசும் முன் மலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ரம்பொடையில் இறங்கும் லொறிக்குப் பின்னால் போனவர்களுக்கு அந்தக் கருகிய மணம் தெரியும். மேலே ஏறச் செலவழித்த டீசல் எல்லாம் பிரேக் லைனிங்கில் சூடாகிப் போகிற மணம் அது. மின்வண்டியில் மோட்டாரே டைனமோ ஆகிவிடும். கால் எடுத்தால் வண்டி தானே இழுத்துப் பிடிக்கும், பேட்டரி ஏறும். கொழும்பிலிருந்து 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறும் கார், உயரத்துக்காக மட்டும் கிட்டத்தட்ட 10 யூனிட் கொடுக்கிறது. இறங்கும்போது அதில் ஆறு யூனிட் போலத் திரும்பி வரும். நாம் "கியர்ல இறக்கு, பிரேக்க மிதிக்காத" என்று புது டிரைவர்களுக்குச் சொல்வதைத்தான் இந்த வண்டி தானாகச் செய்கிறது, கூடவே கரண்டையும் சேர்த்துவைக்கிறது.

இதன் உச்சம் சுவிட்சர்லாந்தில் இருக்கிறது. பீல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சீமெந்துக் கல்குவாரியில் 600 யூனிட் பேட்டரியோடு ஒரு ராட்சத டிப்பர் ஓடுகிறது. 45 டன்னோடு வெறுமையாக ஏறுகிறது, கல்லை ஏற்றிக்கொண்டு 110 டன்னாக இறங்குகிறது. இறங்கும்போது பிறக்கும் கரண்ட் ஏறுவதற்குப் போதும், சில நாட்களில் மிச்சமும் வரும். இதைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது நம் தோட்டத்துக் கம்பிதான். மேல் மலையில் கட்டிய கொழுந்து மூட்டை தன் பாரத்திலேயே கம்பியில் சறுக்கிக் கீழே ஃபெக்டரிக்கு வரும், மோட்டாரும் இல்லை எண்ணெயும் இல்லை. தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கு இறங்கி, வெறும் லொறியாகவோ பாதி லோடோடோ திரும்பும் வண்டிக்கு அந்த டிப்பரின் கணக்கு முழுக்கப் பொருந்தாவிட்டாலும் கொஞ்சம் பொருந்தும்.

இதிலிருந்து வரும் ஒரு நடைமுறை விஷயத்தைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நுவரெலியா கெஸ்ட் ஹவுஸில் இரவு முழுக்கப் போட்டு நூறு சதவீதம் ஏற்றிவிட்டு காலையில் இறங்குகிறார்கள். நிறைந்த பேட்டரியில் இறக்கத்துக் கரண்டுக்கு இடமில்லை. வண்டி இழுத்துப் பிடிப்பதும் குறைந்துவிடும், முதல் பத்துக் கிலோமீற்றர் முழுக்க பிரேக்கில் இறங்கவேண்டிவரும். மேலே எண்பதோடு நிறுத்துங்கள், மீதியை மலை தரும். நான் சார்ஜர் மாட்டும் இடத்தில் எல்லாம் இதை ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன். கேட்கிறவர்கள் குறைவு.

ஆக, ஏற்றத்தில் கரண்ட் கொடுக்கும் ரோட்டின் வேலையில் பாதியை இறக்கம் இலவசமாகச் செய்கிறது. மீதியை நிற்கும் நேரத்தில் ஏற்றினால் போதும். ஸ்கூல் வேன் என்பது ஓடுவதைவிட நிற்கிற வண்டி. காலை ஆறுக்கு எடுத்து எட்டுக்குள் பிள்ளைகளை விட்டால், பிறகு ஒன்று, ஒன்றரை வரை சும்மா நிற்கும். அண்ணனின் ஓட்டம் நாளுக்கு 70 கிலோமீற்றர். மலைக்குத் தாராளமாகவே கணக்குப் போட்டு கிலோமீற்றருக்கு 0.3 யூனிட் என்றால் 21 யூனிட். அவர் பார்த்து வைத்திருக்கும் வேனின் பேட்டரி 40 யூனிட். 13 அம்பியர் பிளக்கில் 3 கிலோவாட் எடுக்கலாம். நேர அடிப்படை மின்கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை, ஏழு மணித்தியாலம். மூன்றை ஏழால் பெருக்குங்கள். அண்ணன் பெருக்கிப் பார்த்துவிட்டு, "யாரோ நமக்குன்னே கணக்குப் போட்ட மாதிரி இருக்கே" என்றார். அந்தக் கட்டணத் திட்டம் அவருடைய இணைப்புக்குக் கிடைக்காவிட்டால் லாபம் கொஞ்சம் குறையும், பகலில் போடவேண்டிவரும். அவ்வளவுதான்.

சாயந்தரம் 6.30-லிருந்து 10.30 வரை மட்டும் போடக்கூடாது. நாடு முழுக்க விளக்குப் போடும் நேரம் அது. ரோட்டுச் சார்ஜுக்கும் இங்கே ஒரு குறை இருக்கிறது. வண்டி ஓடும்போதுதான் அது கரண்ட் கேட்கும், பஸ்கள் நிரம்பி வீடு திரும்புவதும் அதே நேரம்தான். பிளக்கை நாம் தள்ளிப்போடலாம், ரோட்டைத் தள்ளிப்போட முடியாது. நம் கிரிட் எவ்வளவு மென்மையானது என்று 2025 பெப்ரவரி 9-ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை பார்த்தோம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்ததாகச் சொன்னார்கள், நாடே இருண்டது. மலையகத்தில் குரங்குக்குப் பஞ்சமில்லை.

பிளக்கிலும் சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறவர் எங்கே மாட்டுவார்? ரோடு மேலே, லயம் கீழே, நடுவில் முப்பது நாற்பது படி. வண்டி மேலேதான் நிற்கும். லயத்து வயரிங் ஒரு டிவிக்கும் நான்கு மின்குமிழுக்கும் போட்டது. அதிலிருந்து நீளக் கம்பி இழுத்து இரவு முழுக்க 13 அம்பியர் எடுத்தால் சுவரில் பிளக் உருகிக் கிடக்கும், நான் பார்த்திருக்கிறேன். லக்ஷபானவில் 1950-லிருந்து, மேல் கொத்மலையில் 2012-லிருந்து நம் மலைத் தண்ணீரில்தான் கரண்ட் எடுக்கிறார்கள், ஆனால் அந்த மலையிலேயே வேனுக்கு ஒரு பிளக் வைக்க இடம் தேடுகிறோம். அதனால் ரோட்டுக்கு அடியில் புதைக்கக் காசு இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைக் கொண்டுவந்து இங்கே போடச் சொல்வேன்: ஒவ்வொரு தோட்டச் சந்தியிலும் கூரை போட்ட நான்கு பிளக், மீற்றரோடு, நல்ல எர்த்தோடு. ஃபெக்டரிக்குத் தனி ட்ரான்ஸ்போமர் இருக்கும் தோட்டங்களில் அந்த வளவிலேயே தொடங்கலாம். அதற்கு எந்தப் புதுத் தொழில்நுட்பமும் வேண்டாம். மண் விழுந்தாலும் நான்கில் இரண்டு பிளக்காவது மிஞ்சும்.

பஸ்ஸுக்கு மட்டும் கதவை முழுக்கச் சாத்தவில்லை. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை ஸ்டாண்டுகளில் முதலில் கேபிள் சார்ஜர் வரட்டும். பஸ்கள் பெருகி, கேபிளுக்கு வரிசை நிற்கும் நிலை வந்தால் அதே கொங்கிரீட்டில் தட்டைப் பதித்துக்கொள்ளலாம், ட்ரான்ஸ்போமர் ஏற்கனவே அங்கே இருக்கும்.

அண்ணனிடம் பொறுக்கவேண்டாம், வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். 2022-ல் டீசல் வரிசையில் இரண்டு இரவு வேனுக்குள்ளேயே படுத்தவர் அவர், அதிகம் வற்புறுத்தத் தேவைப்படவில்லை. வேன் நிற்கும் இடம் சந்தியில் இருக்கும் பலசரக்குக் கடையின் வளவு. கடைக்கார அய்யா சப் மீற்றர் வைத்துத் தனி லைன் இழுக்கச் சம்மதித்துவிட்டார், மாத வாடகையாக அவர் பேரப்பிள்ளையை இலவசமாக ஸ்கூலுக்குக் கூட்டிப் போகவேண்டுமாம். போர்டிலிருந்து வேனின் மூக்கு வரை அளந்தேன், பதினொரு மீற்றர். 6 சதுர மில்லிமீற்றர் கேபிள், ட்ரிப் சுவிட்ச், மழை படாத பெட்டி என்று எஸ்டிமேட் எழுதிக் கொடுத்தாயிற்று. நாளைக் காலையில் எர்த் ரொட் அடிக்கவேண்டும். இன்று பின்னேரம் நல்ல மழை, மண் இளகித்தான் இருக்கும்.